பிக்கப்புக்கு ஏர் ஃபில்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக பிக்கப் எடுத்து ஓட்டுகிற பையன்களை ஸ்பேர்ஸ் கடை வாசலில் பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றும். எங்கள் காலத்து டிரைவர்கள் செய்ததையே இவர்களும் அப்படியே செய்கிறார்கள். கிளிப்பை மாட்டாமல் விடுவது, ஃபில்டரைத் தலைகீழாக வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் அடுத்த தடவை வராது. செய்கிறவருக்கே தெரியாமல் வருடக்கணக்கில் தொடர்கிற தவறுகள்தான் இன்ஜினைத் தின்கின்றன.

பழையதைக் காட்டி, ‘இதே மாதிரி ஒண்ணு குடுங்க’ என்பது

கடைக்காரர் பழைய ஃபில்டரை வாங்கி, ரேக்கில் இருப்பதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அகலம் சரி. உயரமும் ஏறக்குறைய சரி. “இது எல்லா மாடலுக்கும் செட் ஆகும்ணே” என்பார். மூடி மூடிக்கொள்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகிறது, நூறு இருநூறு ரூபாய் மிச்சம். இந்தக் காட்சியைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஃபில்டர் என்றால் எல்லோரும் மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். விளிம்பில் இருக்கும் ரப்பரை யாரும் பார்ப்பதில்லை. மூடியைப் பூட்டும்போது அந்த ரப்பர் நசுங்கி, ஃபில்டர் இருக்கும் டப்பாவோடு சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். உயரம் சில மில்லிமீட்டர் குறைந்தாலும் நசுங்காது. உருளை வடிவ ஃபில்டர் சிலவற்றில் ரப்பர் வளையம் குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டும்; துளை கொஞ்சம் பெரிதானாலும் பிடி இருக்காது. காற்றுக்குக் காகிதத்தைத் துளைத்துப் போவதைவிட இடுக்கில் நுழைவது சுலபம். 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் 2000 ஆர்.பி.எம்-மில் ஓடினால் நிமிடத்துக்கு 2500 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருந்தால் அதற்கும் மேலே. அதில் சிறு பங்கு இடுக்கு வழியாகப் போனாலும் ஒரு நாளைக்கு எவ்வளவு தூசு உள்ளே போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கரூர் மாவட்டம் க.பரமத்திப் பக்கம் கல்குவாரிகளுக்கு டீசல் பேரலும் கம்ப்ரசர் சாமான்களும் ஏற்றிப்போகும் பிக்கப் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. ஓனரே டிரைவர். ஆயில் குறைகிறது, இழுவை இல்லை என்றார். ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது பிஸ்டனைத் தாண்டிக் கசிந்த புகை மேலே வருகிறது. அந்த வண்டி ஓடியிருந்த கிலோமீட்டருக்கு வரக்கூடாத கோளாறு. வண்டியைக் கவனிக்காதவரா என்றால் அதுவும் இல்லை. ஃபில்டரையும் ஆயிலையும் நேரம் தவறாமல் மாற்றி, பில்லெல்லாம் பையில் வைத்திருந்தார்.

டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். மாவு போலச் சாம்பல் நிறத் தூசு ஒட்டியது. வடிகட்டிய காற்று மட்டும் போக வேண்டிய பக்கம் அது. ஃபில்டரை எடுத்துப் பார்த்தால் நல்ல காகிதம், ஓட்டை கிடையாது. ஆனால் ரப்பரில் நசுங்கிய தடம் பாதிச் சுற்றுக்குத்தான் இருந்தது. அந்த வண்டிக்கு உரிய ஃபில்டரைவிட இது உயரம் குறைவு. அதற்கு முந்தையதும் இதே அளவுதானாம். என்றோ ஒரு நாள் தப்பான ஃபில்டர் ஒன்று உள்ளே போயிருக்கிறது. அதைக் காட்டி அடுத்தது, அடுத்ததைக் காட்டி அதற்கடுத்தது.

கல்தூசில் சிலிக்கா நிறைய உண்டு. இன்ஜினுக்குள் இருக்கும் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகளை விட, ஆயில் படலத்தின் தடிமன் அளவே உள்ள நுண்துகள்தான் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவரான லைனருக்கும் நடுவில் புகுந்து அதிகமாக அரைக்கும். டர்போவின் இறக்கை ஓரங்களும் தேயும். அப்புறம் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் தேய்ந்தது தேய்ந்ததுதான். அவருக்கு பிஸ்டன், ரிங், லைனர், டர்போ என்று முழு இன்ஜின் வேலை வந்தது. வண்டி நின்ற நாட்களின் வாடகையும் போயிற்று.

ஆகவே வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-ல் 702 சிசி டீசல் இன்ஜினோடு வந்தது. பிறகு அதே பெயரில் பெட்ரோலும் சிஎன்ஜியும் வந்துவிட்டன. ஒரே டீசல் வண்டியிலும் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததற்கு முன், பின் என்று டப்பாவே மாறியிருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரை டீலரின் ஸ்பேர்ஸ் கவுன்டரில் சொல்லிப் பார்ட் நம்பரை வாங்கி போனில் குறித்து வையுங்கள். வேறு கம்பெனி ஃபில்டர் வாங்குவதில் தப்பில்லை. அந்தப் பார்ட் நம்பருக்கு மாற்று என்று அவர்களுடைய கேட்லாக்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ரப்பர் உட்காரும் இடத்தில் மெல்லிசாக கிரீஸ் தடவி, ஃபில்டரை வைத்து மூடிப் பூட்டி, மறுபடி திறந்து பாருங்கள். ரப்பர் முழுவதிலும் கிரீஸ் ஒட்டியிருக்க வேண்டும். எங்காவது விட்டிருந்தால் அந்த ஃபில்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுவது, எம்-சீல் அப்புவது எதுவும் வேண்டாம். சரியாக உட்கார்ந்தால் கிரீஸைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கழுவிப் போடலாம் என்று நினைப்பது

காகித ஃபில்டருக்குத் தண்ணீர் ஆகாது.

பஞ்சர் கடையில் காற்றடிப்பது

லாரி டயருக்கு அடிக்கும் காற்று 100 பி.எஸ்.ஐ.க்கு மேல். அது காகிதத்தைக் கிழிக்கும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. கொஞ்சம் தூசு படிந்த காகிதம் புதுக் காகிதத்தைவிட நன்றாக வடிகட்டும். வாரா வாரம் தட்டி ஊதிச் சுத்தம் செய்கிறவர் அந்த நன்மையையும் இழக்கிறார்.

மைலேஜுக்காக எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர்

காற்று தாராளமாகப் போகும் என்பது உண்மை. தூசு ரோட்டில் ஓடுகிற டீசல் பிக்கப்புக்கு அது தேவையில்லை. எண்ணெய் அதிகமானால் பி.எஸ். 6 வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சாரில் படியும். மைலேஜ் பேச்சையும் நம்பாதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் புதிய வகைப் பெட்ரோல் கார்களில் சோதித்தபோது, ஃபில்டர் அடைத்திருந்தும் மைலேஜ் குறையவில்லை. வண்டி வேகம் எடுப்பதுதான் மந்தமானது. அடைப்பே மைலேஜைக் குறைக்காதபோது, தாராளக் காற்று அதை எப்படிக் கூட்டும்?

இரட்டை ஃபில்டரில் உள்ளே இருப்பதைத் தூக்கி எறிவது

செய்யவே கூடாது.

பில் இல்லாமல் வாங்குவது

டூப்ளிகேட் வந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

டப்பாவின் அடி ரப்பரை மறப்பது

உருளை வடிவ ஏர் கிளீனர்கள் பலவற்றில் அடியில் வாய் பிளந்த சின்ன ரப்பர் ஒன்று தொங்கும். சுழலும் காற்றில் பிரிந்து விழுகிற தூசும் மழைத்தண்ணீரும் அதன் வழியாகத்தான் வெளியேறும். அது அறுந்துபோன வண்டியில் புது ஃபில்டர் சீக்கிரமே அடைத்துவிடும். பட்டறைக்கு வருகிற வண்டிகளில் அது இல்லாமலே ஓடுகிறவை நிறைய. விலை அற்பம், ஃபில்டர் வாங்கப் போகும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள், கடையில் இல்லையென்றால் ஆர்டர் போட்டு வரவழையுங்கள்.