சைக்கிள் ஓட்டினால் மேல்முதுகு வலிக்கிறதா? முதலில் சீட்டைப் பாருங்கள், பிறகு காற்றை

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். வழியில் ஏற்றம் என்று சொல்ல பாம்பன் பாலம் ஒன்றுதான். சமதரைதானே, முதுகுக்கு நல்லது என்று தோன்றும். உண்மையில் சிக்கலே அதுதான். மலைப்பாதையில் ஓட்டுபவர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பார், இறக்கத்தில் உடம்பைத் தளர்த்துவார். இங்கே இரண்டு மணி நேரமும் ஒரே குனிவு.

அதன்மேல் காற்று வேறு. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடிப் பக்கம் போனால் எதிர்காற்று. தனுஷ்கோடிச் சாலையில் அதே காற்று பக்கவாட்டில் அறையும். அப்போது நம்மையறியாமல் தோள் காதை நோக்கி ஏறும், முழங்கை விறைக்கும், பிடி இறுகும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஐந்து கிலோ இருக்கும். அதைத் தூக்கிப் பிடிக்கும் கழுத்துத் தசைகள் இந்த இறுக்கத்தையும் சேர்த்துச் சுமக்கும்போதுதான் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே எரியத் தொடங்குகிறது.

வலிக்கும் இடமே பாதி காரணத்தைச் சொல்லிவிடும். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் என்றால் பெரும்பாலும் ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கிறது. கழுத்தின் அடியில் என்றால் பார் மிகத் தாழ்வு, அல்லது ஹெல்மெட் நெற்றியில் இறங்கிப் பார்வையை மறைக்கிறது. ஒரே பக்கம் மட்டும் வலித்தால் இரண்டு பிரேக் ஹூடும் (பிரேக்குக்கு மேல் கை வைக்கும் ரப்பர் பிடி) ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பலரும் எடுத்தவுடன் ஹேண்டில்பாரைத் தொடுகிறார்கள். சீட்டில்தான் தொடங்க வேண்டும். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் தள்ளும், தோள் களைத்துப்போகும். செல்போனில் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து சீட்டின் மேல் வைத்து மட்டமாக்குங்கள். உயரத்துக்கு, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கும்போது கால் சரியாக நேராக வேண்டும். எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னால் தள்ளாதீர்கள், கையில் எடை இன்னும் கூடும்.

இனி ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு. ஹூடைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். பூட்டிக்கொண்டு நின்றால் பாரை 10 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். ஸ்டெம்முக்கு உச்சியில் இருக்கும் மேல்மூடி போல்ட்டைக் கழற்றி, ஸ்டெம்மின் இரண்டு பக்க போல்ட்டுகளையும் தளர்த்தி, மேலே இருக்கும் ஸ்பேசர் வளையத்தை ஸ்டெம்முக்குக் கீழே மாற்றுங்கள். மேலே ஸ்பேசர் இல்லையென்றால், கீழ்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். பூட்டும்போது மேல்மூடியே முதலில். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது, ஹேண்டில் தடையின்றித் திரும்பவும் வேண்டும். பிறகு ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். பெரும்பாலான ஸ்டெம்களுக்கு 5 நியூட்டன் மீட்டர். எண் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். பக்க போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டால் மேல்மூடியால் ஒரு பயனும் இல்லை. உயர்த்தியும் எட்டவில்லையென்றால் 10 மில்லிமீட்டர் குட்டையான ஸ்டெம் வாங்குங்கள். ஒரு மாற்றம் செய்தால் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது.

நம் உப்புக்காற்றில் இந்த போல்ட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். வலுக்கட்டாயமாகத் திருகினால் ஆலன் கீ தலைக்குழியை வழித்துவிடும். குழியில் சேர்ந்த மணலைக் குத்தி எடுத்து, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள்.

டயரில் கல்லாகக் காற்றடிப்பதும் முதுகைத்தான் தாக்கும். 28 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ உடம்பு என்றால் 70 முதல் 80 பிஎஸ்ஐ தாராளம். தண்ணீரை முதுகுப்பையில் சுமக்காமல் ஃபிரேமில் மாட்டுங்கள்.

சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று பதினைந்து மிதி மிதியுங்கள். கை ஹூடிலிருந்து டிராப்புக்கும் (பாரின் வளைந்த கீழ்ப்பகுதி) மேல்பாருக்கும் மாறிக்கொண்டே இருக்கட்டும். பாம்பன் பாலத்தில் மட்டும் இந்த மாற்றம் வேண்டாம். ஏறும் முன்பே டிராப்பைப் பிடித்து, முழங்கையை மடக்கி, விரல்களைத் தளர்த்திக்கொள்ளுங்கள். பாலத்துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இணைப்புப் பட்டைகளை நேராகக் கடந்தால் போதும், இறுக்கிப் பிடித்தால் அதிர்ச்சி முழுவதும் தோளுக்குத்தான் வரும்.

வீட்டில் இரண்டு பயிற்சி. பழைய ட்யூபை ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டை எலும்புகள் பின்னால் நெருங்கும்படி இழுங்கள்: 12 முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். துண்டைச் சுருட்டித் தோள்பட்டை எலும்புகளுக்குக் குறுக்காக வைத்து இரண்டு நிமிடம் மல்லாந்து படுப்பதை ஓட்டிவிட்டு வந்தவுடன் செய்யுங்கள்.

கை மரத்துப்போனாலோ, பிடியில் வலு குறைந்தாலோ, இரவில் படுத்தும் வலி தணியாவிட்டாலோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு அழுத்தம், மூச்சுத்திணறல், வியர்வையோடு முதுகு வலித்தால் அதை சைக்கிள் வலி என்று எண்ணாதீர்கள். அந்த இடத்திலேயே இறங்கி 108ஐ அழையுங்கள்.