வயதையும் நடத்தையையும் பொருத்திப் பார்ப்பது எப்படி?

ஒருவருடைய நடத்தை நமக்குப் புரியாதபோது அதற்கு உடனே ஒரு பெயர் சூட்டிவிடுகிறோம்: பிடிவாதம், கூச்சம், சோம்பல், முன்கோபம். பெயர் கிடைத்தவுடன் கவனிப்பு நின்றுவிடுகிறது. கண்டதைக் கண்டபடி குறித்துக்கொண்டு, அதை அந்த வயதுக்கு உரிய எல்லையோடும், அதே நபரின் முந்தைய மாதங்களோடும், அது நிகழ்ந்த சூழலோடும் பொருத்திப் பார்த்த பின்பே முடிவுக்கு வருவது நல்லது.

குறித்துக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள். "அடம் பிடித்தாள்" என்பது தீர்ப்பு. "விளையாட்டை நிறுத்தச் சொன்னதும் தரையில் படுத்துச் சில நிமிடங்கள் அழுதாள், அன்று பகலில் உறங்கவில்லை" என்பது பதிவு. முன்பு என்ன நடந்தது, பின்பு சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், ஒரு வாரப் பதிவிலேயே காரணம் பல நேரங்களில் தானாகப் புலப்படும்.

குழந்தையின் வளர்ச்சியை அளப்பதற்கு முன், அது குறைமாதத்தில் பிறந்ததா என்று பாருங்கள். 32 வாரங்களில், அதாவது ஏறத்தாழ இரண்டு மாதம் முன்கூட்டியே, பிறந்து இப்போது ஆறு மாதம் ஆன குழந்தையிடம், நிறைமாதத்தில் பிறந்த ஏறத்தாழ நான்கு மாதக் குழந்தையின் திறன்களையே எதிர்பார்க்க வேண்டும். இவ்வாறு திருத்திய வயதையே வழக்கமாக இரண்டு வயது வரை பயன்படுத்துவார்கள். அடுத்து, "இந்த மாதத்தில் இது வந்தாக வேண்டும்" என்னும் ஒற்றை எண்ணைக் கைவிட்டு, இயல்பின் வீச்சைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிடிமானமின்றி நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்திருக்கிறது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே நடைக்கு வந்துவிட்ட குழந்தைகளும் அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இருந்தனர். ஆகவே, பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தது என்பது பெற்றோரின் கவலைக்குத் தீனி போடுமே தவிர, எதையும் நிரூபிக்காது. எனினும் வீச்சுக்கும் ஓர் எல்லை உண்டு: பதினெட்டு மாதமாகியும் நடக்காத குழந்தையையும், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்ட பேச்சையோ அசைவையோ குழந்தை இழந்தால், எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது.

முதல் ஆண்டின் பிற்பகுதியில் பலரைக் குழப்புவது, எல்லோரிடமும் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென அந்நியரைக் கண்டு அழுவதும் தாய் அறையைவிட்டு நீங்கினால் தவிப்பதும் ஆகும். இது பெரும்பாலும் பின்னடைவு அன்று. தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்தறியவும், கண்ணுக்குத் தெரியாதவரும் எங்கோ இருக்கிறார் என்று நினைக்கவும் குழந்தை கற்றுக்கொண்டிருப்பதன் விளைவு. இதை எளிதாகச் சோதிக்கலாம். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொம்மையைத் துணியால் மூடுங்கள். ஏறத்தாழ எட்டு மாதத்துக்குப் பிறகே பல குழந்தைகள் துணியை விலக்கித் தேடும் என்று குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே பதிவு செய்தார். பின்வந்த ஆய்வாளர்கள் கைகளுக்குப் பதிலாகக் குழந்தையின் பார்வை எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதை அளந்தபோது, மறைந்த பொருளைப் பற்றிய அறிவின் அடையாளங்கள் அதற்கும் முன்பே தென்பட்டன. கவனிப்பவர் இதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்: ஒன்றைச் செய்து காட்டாததாலேயே அது தெரியாது என்று ஆகிவிடாது.

இயல்பிலேயே குழந்தைகள் வேறுபடுகிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. 1956-இல் நியூயார்க்கில் தாமஸ், செஸ் இணையர் தொடங்கிய நீண்டகால ஆய்வு, புதியதை உடனே ஏற்கும் குழந்தைகளையும், மெதுவாகப் பழகும் குழந்தைகளையும், ஒழுங்கற்ற உறக்கமும் பசியும் கடும் எதிர்வினையும் கொண்ட குழந்தைகளையும் வேறுபடுத்திக் காட்டியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் எந்த வகையிலும் அடங்கவில்லை என்பது, வகைப்படுத்துவதில் ஆர்வம் மிகுந்தவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி. குழந்தையின் இயல்பும் வளர்ப்பவரின் எதிர்பார்ப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதையே தாமஸும் செஸ்ஸும் முக்கியமாகக் கருதினர். ஆகவே குழந்தையைக் குறித்து எழுதும் பக்கத்தில் நீங்கள் எதிர்பார்த்தது என்ன என்பதையும் எழுதுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை வாய்க்கு வந்ததைச் சொன்னால் அதைப் பெரியவர்களின் பொய்யோடு ஒப்பிட வேண்டாம். ஒருவர் இல்லாத நேரத்தில் ஒரு பொருளை இடம் மாற்றி வைத்து, திரும்பி வந்ததும் அவர் எங்கே தேடுவார் என்று கேட்டால், மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் அது இப்போது இருக்கும் இடத்தையே காட்டும். நான்கு, ஐந்து வயதில்தான் அவர் பழைய இடத்தில் தேடுவார் என்று சொல்லும். விம்மர், பெர்னர் ஆகியோர் 1983-இல் வெளியிட்ட இச்சோதனையின் பிற்கால வடிவங்களை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பிறர் மனத்தில் தவறான எண்ணமும் இருக்கக்கூடும் என்பதை அறிந்தால்தான் திட்டமிட்ட பொய் கைவரும் என்பதால், முதல் பொய் ஒருவகையில் வளர்ச்சியின் அடையாளமும்கூட. பள்ளி வயதில் மாற்றங்கள் சீராக நடப்பதால் அடிக்கடி அளக்கத் தேவையில்லை. கற்றலும் நட்பும் எப்படிப் போகின்றன என்பதை மாதம் ஒருமுறை குறித்தால் போதும்.

பதின்பருவத்தில் கவனிக்கும் முறையையே மாற்ற வேண்டும். தனிமையில் எப்படி, நண்பர்களிடையே எப்படி என்று இரண்டு பதிவுகள் தேவை. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் ஆகியோரின் 2005-ஆம் ஆண்டுச் சோதனையில், கார் ஓட்டும் கணினி விளையாட்டை ஆடிய பதின்பருவத்தினர், சம வயதினர் உடனிருந்தபோது தனியாக ஆடியதைவிட மிகக் கூடுதலான அபாயத்தை ஏற்றனர். முதிர்ந்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே, "தனியாகப் பேசினால் எல்லாம் புரிகிறது, வெளியே போனால் மறந்துவிடுகிறான்" என்னும் புலம்பலில் உண்மை உண்டு. அதற்கு மருந்து அறிவுரையைப் பெருக்குவதன்று, அபாயம் நேரும் சூழலைக் குறைப்பதே. திட்டமிடுதலிலும் தன்னைக் கட்டுப்படுத்துவதிலும் பங்குகொள்ளும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. உடலின் உறக்கக் கடிகாரமும் இப்பருவத்தில் பிந்திய நேரத்துக்கு நகர்வதால், இரவு தாமதமாக உறங்குவதை மட்டும் கொண்டு சோம்பல் என்று தீர்மானிக்க முடியாது. ஆனால் பல வாரங்களாக நீடிக்கும் ஒதுங்குதல், உணவிலும் உறக்கத்திலும் பெரிய மாற்றம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு ஆகியவற்றை வயதின் பெயரால் ஒதுக்கிவிடாமல், உடனே உளநல உதவியை நாடுங்கள்.

வளர்ந்தவர்களை மதிப்பிடும்போது வெவ்வேறு தலைமுறையினரை அருகருகே நிறுத்தி ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும். இருபது வயதினரும் எழுபது வயதினரும் சோதனையில் வேறுபட்டால், அதில் முதுமையின் பங்கும் இருக்கலாம், அவர்கள் பெற்ற கல்வியின் பங்கும் இருக்கலாம். 1956-இல் வார்னர் ஷாயி சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களைப் பல ஆண்டு இடைவெளியில் மீண்டும் சோதித்து, திறன்கள் ஒரே வேகத்தில் தேய்வதில்லை என்று காட்டியது. விரைந்து செயல்படும் திறன் முன்னதாகக் குறைகிறது. சொல்வளம் நெடுங்காலம் நிலைக்கிறது. குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான மனவளர்ச்சிக்கு உளவியலாளர் எரிக் எரிக்சன் வகுத்த எட்டுக் கட்டங்களை வாழ்க்கையின் கால அட்டவணையாகக் கொள்ள இயலாது. அந்தந்த வயதில் மனிதர் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்விகளின் பட்டியலாகக் கொண்டால் பயன்படும்.

முதியவரிடம் காணும் மாற்றத்தில் முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு வேகமாக வந்தது என்பதே. பெயர் மறப்பதும் பிறகு நினைவுக்கு வருவதும் முதுமையில் இயல்பு. பழகிய வழியிலேயே தடுமாறுவதும் பணக் கணக்கு குழம்புவதும் மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்தால் பரிசோதனை தேவை. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ குழப்பம் தோன்றி ஏறி இறங்கினால், நோய்த்தொற்று, நீரிழப்பு, மருந்தின் விளைவு போன்ற உடல் காரணம் இருக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழப்பம் தொடங்கிய நேரத்தையும் அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.