மேஸ்திரி பேச்சு புரிய வேண்டுமா?

வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் கற்க வேண்டிய சொல் பேஸ்மென்ட். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் மேஸ்திரி இதைச் சொன்னால் நிலத்தடி அறை என்று நினைத்துவிடாதீர்கள், தரைக்கு மேலே மண் கொட்டி உயர்த்தும் மட்டம் அது. நான் 3 அடி என்று பேசிவிட்டு வந்தேன், அவர் எங்கள் பள்ளமான சைட்டிலிருந்து அளந்துவிட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றரை அடிகூட இல்லை. ஆகவே ரோட்டு மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதி வாங்குங்கள். அளக்க ட்யூப் லெவல் போதும்: நிறமில்லாத குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ரோட்டோரக் கம்பத்திலும் மறுமுனையை சுவரிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் இடம் ஒரே மட்டம்.

அப்புறம், வானம் தோண்டுவது என்றால் அஸ்திவாரக் குழி எடுப்பது. நிலவு என்பது வாசற்கால். லிண்டல், ஜன்னல் தலைக்கு மேல் ஓடும் கான்கிரீட் பட்டை. ஒரு சதுரம் 100 சதுர அடி, மணல் ஒரு யூனிட் 100 கன அடி. லாரி வந்ததும் டேப் வைத்து அளந்து பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

கூலி பேசும்போது சன்ஷேடு, லாஃப்ட், கைப்பிடிச் சுவர், பொடக்காளியில், அதாவது வீட்டுக் கொல்லையில், வரும் துணி துவைக்கும் கல் எல்லாம் சதுர அடி ரேட்டில் அடக்கமா, தனியா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் சண்டை வந்தது அந்தக் கல்லுக்குத்தான்.