மக்கா, பூ எப்போ விரியும்? பி5.ஜேஎஸ்-ல் அசையும் ஓவியம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளைப் பக்கம் ஒரு கிளப்பில் ஓணத்துக்குத் தரையில் அசல் அத்தப்பூ. தோவாளைச் சந்தையில் வாங்கிய செவ்வந்தியும் வாடாமல்லியும். பின்சுவரில் புரொஜெக்டர் போட்டு, கல்லூரிப் பையன் ஒருவன் செய்த கணினி அத்தப்பூ. மவுஸை நகர்த்தினால் வட்டம் வட்டமாக இதழ் விரிய வேண்டும். வீட்டு லேப்டாப்பில் இரண்டரை நொடியில் விரிந்த பூ, கிளப்பின் பழைய கம்ப்யூட்டரில் முழுதாக விரியப் பன்னிரண்டு நொடிக்கு மேல் எடுத்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "மக்கா, இது விரியதுக்குள்ள ஓணம் முடிஞ்சிரும் போலிருக்கே" என்றார். பையன் மெஷினைத் திட்டினான். தவறு மெஷினில் இல்லை.

பிரவுசரில் நிரல் எழுதிப் படம் வரைய உதவும் பி5.ஜேஎஸ்-ஐப் புதிதாகத் தொடுபவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். முன்னால் போனவர்களும் அதே குழிகளில் விழுந்து எழுந்தவர்கள்தாம். அடைப்புக்குறியை மூடாதது, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை, பிழைகளைக் காட்டும் கன்சோலே சிவப்பில் சொல்லிவிடும். கன்சோல் சொல்லாத தவறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

பிரேமைக் கடிகாரமாக எண்ணுவது

விலை அதிகமான தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த ஆள் வந்து இதையே செய்வார்.

ப்ராசஸிங் என்ற மென்பொருளை 2001-ல் எம்ஐடி மீடியா லேபில் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் தொடங்கினார்கள். நிரல் எழுதிப் பழகாத கலைஞர்களும் படம் வரைய வேண்டும் என்பது நோக்கம். அதை பிரவுசருக்குக் கொண்டுவந்தது லாரன் மெக்கார்த்தி தொடங்கிய பி5.ஜேஎஸ். இரண்டிலும் அமைப்பு ஒன்றே: 'செட்டப்' ஒரு முறை ஓடும், 'டிரா' திரும்பத் திரும்ப ஓடும். எவ்வளவு வேகமாகத் திரும்ப ஓடும் என்று யாரும் கேட்பதில்லை. நொடிக்கு 60 முறை ஓட முயலும். முயலும் என்பதைக் கவனியுங்கள். உறுதி ஒன்றும் கிடையாது.

அந்தப் பையனின் நிரலில் இருந்தது ஒரே வரி: ஒவ்வொரு டிராவிலும் ஆரத்தோடு 2 பிக்ஸல் கூட்டு, 300 வந்ததும் நிறுத்து. டிரா ஒரு முறை ஓடுவது ஒரு பிரேம்; ஆக 150 பிரேம். நொடிக்கு 60 ஓடினால் 2.5 நொடி. கிளப் மெஷினில் ஓடியது 12. அங்கே 12.5 நொடி. கணக்கு அவ்வளவுதான்.

மெஷின் பழையது என்பது மட்டும் காரணமாக இருக்கத் தேவையில்லை. ஐபோனில் லோ பவர் மோடு போட்டாலே பிரவுசர் 30-க்கு இறங்கிவிடும். முழுத்திரை 1920 × 1080 என்றால் ஒரு பிரேமுக்கு 20 லட்சத்துக்கு மேல் பிக்ஸல். அதன் மேல் 'ஃபில்டர்' வைத்து மங்கலாக்கினால் நல்ல மெஷினும் திணறும். உங்கள் மேசையில் ஓடும் வேகத்தை ஊரில் உள்ள வேகம் என்று நம்பினால் வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

மாற்று எளிது. வேகத்தை 'பிரேமுக்கு இத்தனை பிக்ஸல்' என்று வைக்காமல் 'நொடிக்கு இத்தனை பிக்ஸல்' என்று வையுங்கள். பி5-ல் 'டெல்டாடைம்' என்ற மாறி தயாராக இருக்கிறது. போன பிரேமுக்கும் இந்தப் பிரேமுக்கும் நடுவே போன மில்லிநொடியைத் தரும். அதை 1000-ஆல் வகுத்து 'டிடி' என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 பிக்ஸல் × 60 என்பது நொடிக்கு 120. ஆகவே ஆரத்தோடு கூட்ட வேண்டியது 120 × டிடி. 60 பிரேமிலும் 12 பிரேமிலும் பூ 2.5 நொடியில் விரியும். 12-ல் அசைவு கொஞ்சம் தட்டித்தட்டித் தெரியும், ஆனால் நேரம் தவறாது.

இதோடு முடிந்தது என்று கிளம்புபவர்கள் அடுத்த குழியில் விழுவார்கள். பார்வையாளர் வேறு டேபுக்குப் போனால் பிரவுசர் டிராவை நிறுத்திவைக்கும். அரை நிமிடம் கழித்துத் திரும்பி வரும்போது டெல்டாடைம் 30,000 ஆக இருக்கலாம். 120 × 30, அதாவது 3600 பிக்ஸல் ஒரே தாவலில். நகரும் உருவங்கள் திரைக்கு வெளியே பறந்துபோகும். ஆகவே டெல்டாடைமுக்கு ஒரு உச்சவரம்பு வைக்க வேண்டும்: இரண்டில் சிறியதை எடுக்கும் 'மின்' கொண்டு 100 மில்லிநொடிக்கு மேல் போகாமல் பிடியுங்கள். சிலர் 50 வைப்பார்கள். அப்படி வைத்தால் 20 பிரேமுக்குக் கீழே ஓடும் மெஷினில் பழைய மந்தம் மறுபடி வந்துவிடும்.

மூன்றாவது இடம்தான் பலருக்குப் புரியாமல் போவது. மவுஸை மெல்லத் தொடரும் உருவத்துக்கு எல்லாரும் எழுதுவது: மீதித் தூரத்தில் 0.1 பங்கு ஒவ்வொரு பிரேமும் நகர். அழகான அசைவு, சந்தேகமில்லை. 60 பிரேமில் ஒரு நொடி கழித்து மீதமிருப்பது 0.9-ன் 60-ஆவது அடுக்கு, நூற்றில் 0.2 பங்குகூட இல்லை. 12 பிரேமில் 0.9-ன் 12-ஆவது அடுக்கு. நூற்றில் 28 பங்கு இன்னும் பாக்கி. கையோடு ஒட்டி வர வேண்டிய பூ, கயிறு கட்டி இழுத்ததுபோல் பின்னால் வரும். 0.1-க்குப் பதில் 6 × டிடி என்று வைத்துச் சரிக்கட்டினால் கிட்டத்தட்டச் சரியாகும், முழுக்க ஆகாது. சரியான பங்கு இது: 1-லிருந்து 'எக்ஸ்ப்' மைனஸ் 6.3 × டிடி-யைக் கழியுங்கள். 60 பிரேமில் அது ஏறக்குறைய 0.1 தரும், 12 பிரேமில் 0.41. தொடரும் வேகம் எங்கும் ஒன்றாக இருக்கும். இன்னும் விறைப்பாக வேண்டுமானால் 6.3-ஐ 10 ஆக்குங்கள், குழைவாக வேண்டுமானால் 3.

'நொடிக்கு ஒரு முறை நிறம் மாறு' என்பதற்கு இதுவரை ஓடிய பிரேம்களின் எண்ணிக்கையான பிரேம்கவுண்டை 60-ஆல் வகுத்து மீதி பார்ப்பதும் இதே வியாதி. தொடங்கியதிலிருந்து போன மில்லிநொடியைத் தரும் 'மில்லிஸ்' பாருங்கள். அடுத்த மாற்றம் எப்போது என்று ஒரு மாறியில் வைத்து, அது கடந்ததும் 1000 கூட்டுங்கள்.

சோதிப்பதற்குப் பழைய மெஷினைத் தேடி அலைய வேண்டாம். செட்டப்பில் 'ஃபிரேம்ரேட்' 12 என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். பிறகு 60. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் விரியும் நேரம் ஒன்றாக இருந்தால் பிழைத்தீர்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது.

மறையாத புகை

நகரும் உருவத்துக்குப் பின்னால் வால் வர வேண்டும் என்று, பின்னணியைக் கறுப்பில் 10 ஆல்ஃபா (255 வைத்தால் முழுதாக மறைக்கும் அளவு) வைத்துப் பூசுவார்கள். முதல் பார்வைக்கு அருமை. ஐந்து நிமிடம் கழித்துத் திரை முழுக்க அழுக்குச் சாம்பல் கறை படிந்திருக்கும். எத்தனை மணி நேரம் ஓடினாலும் போகாது.

காரணம் முழு எண். ஒவ்வொரு பிக்ஸலின் நிறமும் 0 முதல் 255 வரை முழு எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு பூச்சும் இருக்கும் மதிப்பில் 255-ல் 10 பங்கைக் கழிக்கும். மதிப்பு 12-க்கு வந்துவிட்டால் கழிய வேண்டியது அரைக்கும் குறைவு. முழு எண்ணாக்கினால் மறுபடி 12 தான். அங்கேயே நின்றுவிடும். இருட்டு அறையில், பெரிய சுவரில், 12 என்பது நன்றாகவே தெரியும்.

ஆல்ஃபாவை 40 ஆக்கினால் கறை 3-ல் நிற்கும். வால் குட்டையாகிவிடும். ஒழுங்கான வழி: ஒவ்வொரு பிரேமும் பின்னணியை முழுக்கத் துடையுங்கள். போன இடங்களை ஒரு அர்ரேயில் (பட்டியலில்) நேரத்தோடு சேர்த்து வையுங்கள். வயதாக ஆகப் புள்ளியின் ஆல்ஃபாவைக் குறைத்து வரையுங்கள். வால் எவ்வளவு நீளம் என்பதும் அப்போது மில்லிநொடியில் உங்கள் கையில்.

வளர்ந்துகொண்டே போகும் அர்ரே

அர்ரே என்றதும் அடுத்த தவறு. மவுஸ் அசையும்போதெல்லாம் ஒரு புள்ளியைச் சேர்ப்பார்கள், எடுக்க மறப்பார்கள். நொடிக்கு 60 வீதம் பத்து நிமிடத்தில் 36,000 புள்ளி. அத்தனையும் ஒவ்வொரு பிரேமும் வரையப்படும். காலையில் பறந்த படம் மதியம் நகராது. 1500 மில்லிநொடி கடந்த புள்ளியை எடுத்துவிடுங்கள். 'ஸ்ப்ளைஸ்' வைத்து எடுக்கும்போது அர்ரேயின் கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். முன்னாலிருந்து போனால், ஒன்றை எடுத்ததும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்து கண்ணில் படாமல் தப்பிவிடும்.

டிராவுக்குள் 'கிரியேட்கிராஃபிக்ஸ்'

வேண்டாம். படம் வரைய இன்னொரு பரப்பை உருவாக்கும் கட்டளை அது; செட்டப்பில் ஒரு முறை போதும்.

45 டிகிரி என்று நினைத்து 45 ரேடியன்

எட்டு இதழ் வரைய 'ரொட்டேட்' 45 என்று எழுதுவார்கள். பி5 அதை ரேடியன் என்ற கோண அளவாக எடுத்துக்கொள்ளும். 45 ரேடியன் என்பது ஏழு முழுச் சுற்றும் 58 டிகிரி சொச்சமும். இதழ்கள் சுற்றி வரும், ஆனால் எட்டும் எட்டு இடத்தில் உட்காராமல் ஏழாவதும் எட்டாவதும் முதல் இரண்டின் பக்கத்தில் போய் மோதும். பிழைச் செய்தி எதுவும் வராது. 'நவீன ஓவியம் இப்படித்தான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. செட்டப்பில் 'ஆங்கிள்மோடு' டிகிரி என்று வையுங்கள்.

ரேண்டம் நிறம்

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக ரேண்டம் எண் கொடுத்தால் வருபவற்றில் பெரும்பங்கு சேறு. அத்தப்பூ போடுபவர்கள் ஐந்தாறு பூவுக்கு மேல் எடுப்பதில்லை. ஒரு வட்டத்துக்கு ஒரு பூ. அதையே செய்யுங்கள். 'கலர்மோடு' எச்எஸ்பி (சாயல், செறிவு, பிரகாசம்) 360, 100, 100 என்று மாற்றி, ஆரஞ்சுச் செவ்வந்திக்கு 35 பக்கம், வாடாமல்லிக்கு 310 பக்கம், இலைப்பச்சைக்கு 110 பக்கம் என்று நாலைந்து சாயலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரேண்டம் ஆட வேண்டிய இடம் சாயலில் முன்னும் பின்னும் 6, பிரகாசத்தில் 10. ஒரே கூடைப் பூவிலும் அவ்வளவு வித்தியாசம் இருக்கும்.

டிராவுக்குள் ரேண்டம் போட்டால் ஒவ்வொரு பிரேமும் நிறம் மாறிக் கண்ணைக் குத்தும் என்பதும் இதில் அடக்கம். செட்டப்பில் தேர்ந்து வைத்துவிடுங்கள்.

நாய்ஸில் பெரிய அடி

கென் பெர்லின் 1980-களில் உருவாக்கிய முறைதான் பி5-ன் 'நாய்ஸ்'. அலைபோல் மெல்ல ஏறி இறங்கும் எண்கள் தரும். அதற்கு 1, 2, 3 என்று முழு எண் கொடுத்தால் ரேண்டம் போலவே குதிக்கும். ஒரு முறை நகரும் அடி 0.005-க்கும் 0.03-க்கும் நடுவே இருக்கட்டும். நேரத்தை வைத்து நகர்த்துவதானால் மில்லிஸை 0.0003-ஆல் பெருக்கித் தொடங்கிப் பாருங்கள்.

போனில் மட்டும் ஊர்வது

நேற்று வாங்கிய போனில் படம் ஊர்கிறது, பழைய லேப்டாப்பில் ஓடுகிறது. எப்படி? பல போன்களில் பிக்ஸல் அடர்த்தி 3 இருக்கும். 400 × 800 கேன்வாஸ் உள்ளே 1200 × 2400 ஆகிறது: 3.2 லட்சத்துக்குப் பதில் 28.8 லட்சம் பிக்ஸல். செட்டப்பின் முதல் வரியில் 'பிக்ஸல்டென்சிட்டி' 1. ஓரங்கள் சற்று மழுங்கும். அசையும் படத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை. கூடவே, காட்சிக்கு வைக்கும்போது பி5-ன் 'மின்' (min, அதாவது சுருக்கிய) பதிப்பை இணையுங்கள். பயில்பவர்களுக்கு உதவும் பிழைச் சோதனை அதில் கிடையாது, அந்தச் சுமை மிச்சம்.

விரலால் தேய்த்தால் படத்துக்குப் பதில் பக்கம் நகர்கிறதா? கேன்வாஸுக்கு சிஎஸ்எஸ்-ல் 'டச் ஆக்‌ஷன்' 'நன்' (none) கொடுங்கள்.

மவுஸ் பூஜ்யத்தில்

யாரும் தொடும் முன் மவுஸ்எக்ஸும் மவுஸ்ஒய்யும் 0. எல்லாம் இடது மேல் மூலையில் குவிந்து கிடக்கும். முதல் அசைவு வரும்வரை நடுப்புள்ளியைக் கொடுங்கள்.

புள்ளி புள்ளியாக வால்

வேகமாக மவுஸை இழுத்தால் கோடு உடைந்து பொட்டு பொட்டாகத் தெரியும். வட்டம் வரையாதீர்கள். பிமவுஸ்எக்ஸ், பிமவுஸ்ஒய் என்ற பழைய இடத்திலிருந்து இப்போதைய இடத்துக்குக் கோடு இழுங்கள்.

தொட்டவருக்கே தெரியாத மாற்றம்

பின்னணியில் ஐம்பது விஷயம் மவுஸுக்கு ஏற்ப மாறுகிறது என்று செய்தவர் மணிக்கணக்காக விளக்குவார். மவுஸைப் பிடித்த பாட்டிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு முறை அசைத்துவிட்டு, 'இது சினிமா போல' என்று நகர்ந்துவிடுவார். கை அசைந்த அந்தக் கணமே, கை இருக்கும் இடத்திலேயே ஏதாவது ஒன்று பளிச்சென்று நடக்க வேண்டும்: ஒரு இதழ் எழும்பட்டும், ஒரு வட்டம் விரியட்டும். மெதுவான மாற்றங்கள் அதற்குப் பிறகு வரட்டும். 'மவுஸை நகர்த்தவும்' என்று திரையில் எழுதி ஒட்டினால் அங்கேயே தோற்றாயிற்று.

சத்தம் வரவில்லை

பார்வையாளர் ஒரு முறை தட்டும் வரை பிரவுசர் ஒலியைத் திறக்காது. பழுது என்று ஸ்பீக்கர் வயரைப் பிடுங்காதீர்கள்.

ஸ்கிரீன் சேவர்

அணைத்துவிட்டுப் புரொஜெக்டரை மாட்டுங்கள்.