வாழைத் தண்டுக் கரியும் ஈயமும்: மாணவர்கள் விடுகிற பிழைகள்

மட்டக்களப்பில் குலை வெட்டிய பிறகு வாழை மரம் தோட்டத்து ஓரத்தில் கிடந்து அழுகுவதுதான் வழக்கம். சிரட்டைக்காவது விலை இருக்கிறது, தண்டுக்கு அதுவும் இல்லை. உயர்தர வகுப்பு மாணவர்கள் அந்தத் தண்டைக் கரியாக்கி, தண்ணீரிலிருந்து ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களை அகற்றப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த செயற்றிட்டம். ஆனால் ஆண்டுதோறும் அதே பிழைகள்தான் வருகின்றன.

பச்சைத் தண்டில் பெரும்பங்கு தண்ணீர். சிறிதாக வெட்டி, நன்றாக வெயிலில் காயவிடுங்கள். திறந்த வெளியில் எரித்தால் காபன் போய்ச் சாம்பல்தான் மிஞ்சும். மூடியுள்ள தகரப் பேணியில் அடைத்து, புகை போக ஒரு துளை மட்டும் விட்டுச் சுடுங்கள். துளையை அடைத்துவிட்டால் பேணி வெடிக்கும், கவனம்.

அடுத்த பிழைதான் முழு வேலையையும் கெடுப்பது: கரியைக் கழுவாமல் விடுவது. வாழையில் பொற்றாசியம் நிறைய உண்டு. சுட்டபின் அதில் பெரும்பகுதி காரமாகக் கரியிலேயே தங்கிவிடும். முதலில் கழுவிய தண்ணீரில் சிவப்புப் பாசிச்சாயத்தாளை நனைத்துப் பாருங்கள், நீலமாகிவிடும். அந்தக் கரியை அப்படியே ஈயக் கரைசலில் போட்டால் கரைசல் காரமாகி, வெண்மையாகக் கலங்கி, ஈயம் அடியில் படிந்துவிடும். வடிகட்டி அளந்தால் ஈயம் இல்லாததுபோல இருக்கும். கரி உறிஞ்சிவிட்டது என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். வெறும் சாம்பலைப் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், அமிலம் பட்டால் அந்த ஈயம் திரும்பவும் கரையும். ஆகவே ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் ஒரு தடவை, பிறகு காய்ச்சி வடித்த நீரால், நடுநிலை வரும்வரை கழுவுங்கள். பரிசோதனையின்போது பீஎச்சை (அமில, கார அளவை; 7 நடுநிலை) 5 அளவில் வைத்திருங்கள். கரி போடாத இன்னொரு போத்தலையும் அதே பீஎச்சில் பக்கத்தில் வையுங்கள். அது இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

காய்ச்சி வடித்த நீரில் வெற்றி கண்டதோடு நின்றுவிடாதீர்கள். கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து மணற்கிணற்று நீரில் கல்சியமும் உப்பும் இருந்தால், கரியில் ஈயம் பிடிக்க வேண்டிய இடத்துக்கு அவையும் போட்டி போடும். ஆசனிக்கை இந்தக் கரியால் பிடிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். அது நீரில் பெரும்பாலும் எதிர் மின்னேற்றத்தோடு இருப்பதால் வெறும் கரியில் சரியாக ஒட்டாது.

அப்புறம், வீதக் கணக்கு. லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஈயத்தை 1 மில்லிகிராமுக்குக் குறைத்தால் 98 வீதம் அகற்றியாயிற்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். மிஞ்சிய நீரில் அதைப்போல 100 மடங்கு ஈயம் இருக்கிறது. அதைக் குடிக்கலாம் என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

வேலை முடிந்த கரியைக் கீரைப் பாத்தியில் கொட்டுவதையும் பார்த்திருக்கிறேன். பிடித்த ஈயம் முழுவதும் அந்தக் கரியில்தான் இருக்கிறது. மூடியுள்ள போத்தலில் போட்டு, மேலே ‘ஈயம்’ என்று எழுதி, ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள்.