ஏலத்தில் பழைய மரப் புல்லாங்குழல்

ஏலத்தில் பழைய குழல் வாங்குவதென்றால், ஊதுதுளை இருக்கும் தலைப்பகுதியின் படத்தை முதலில் கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குழல்கள் பலவற்றில் தலைக்குள் உலோகக் குழாய் இருக்கும். மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது. கடைசியில் மரம்தான் வெடிக்கும். நான் வாங்கிய முதல் குழலில் அந்த விரிசலை மெழுகு பூசி மறைத்திருந்தார்கள். வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டு எடுத்த படம் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். ஒழுங்காக ஒட்டிய விரிசல் என்றால் பயப்பட வேண்டாம், விலையைக் குறையுங்கள், அவ்வளவுதான். ஊதுதுளையின் விளிம்பைச் செதுக்கியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், செய்தவர் பெயர் பொறித்த முத்திரை. 'ருடால் அண்ட் ரோஸ்' என்ற லண்டன் பெயர் விலையை ஏற்றிவிடும். பெயரில்லாத ஜெர்மானியக் குழல்கள் மலிவு. அவற்றிலும் அருமையாகப் பாடுபவை உண்டு. யானைத் தந்த வளையம் இருந்தால் நாடு விட்டு நாடு அனுப்ப சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) விதிகள் குறுக்கே வரும். பழுதுபார்க்கும் செலவைக் கழித்த பிறகே உங்கள் உச்சத் தொகையை முடிவு செய்யுங்கள்.