முதல் பாடம் இருட்டு

கோடம்பாக்கத்தில் பல வருடம் லைட்மேனாக இருந்தவன் நான். இப்போது சாலிகிராமத்தில் வீட்டோடு இருக்கிறேன். லீவு விட்டால் பேத்தியும் எங்கள் ஃபிளாட்டின் மற்ற வாண்டுகளும் என் தலையில்தான். நாலு வயசிலிருந்து எட்டு வயசு வரை ஒரு கூட்டம். அவர்களுக்கு வெளிச்சத்தைப் பற்றி எப்படிச் சொல்லித்தருகிறேன் என்பதை எழுதச் சொன்னாள் மகள். எழுதுகிறேன்.

எல்லோரும் நிழலில் ஆரம்பிப்பார்கள். சுவரில் மான், நாய், கொக்கு. அது அப்புறம் ஆகட்டும், முதலில் இருட்டைக் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் கணக்கில் கண்ணைத் திறந்தால் தெரியும், மூடினால் தெரியாது, அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு அதில் வேலையே கிடையாது. இதற்காகப் பிள்ளைகளைத் திருத்தப் பாயாதீர்கள். பழைய கிரேக்கத்தில் யூக்ளிட் மாதிரி ஆட்களே கண்ணிலிருந்துதான் கதிர் புறப்பட்டுப் போகிறது என்று நினைத்தார்கள். பொருளில் பட்ட வெளிச்சம் கண்ணுக்குள் வருவதால்தான் பார்க்கிறோம் என்று இப்னு அல் ஹைத்தம் என்ற அரபு அறிஞர் விரிவாக விளக்கியே ஏறக்குறைய ஆயிரம் வருடம்தான் ஆகிறது.

சென்னையில் முழு இருட்டுக்கு எங்கே போவது? கரண்ட் போனால்கூட இன்வெர்ட்டரில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கும், ஜன்னல் வழியே எதிர் வீட்டு வெளிச்சம் வரும். அதனால் ஒரு அட்டைப்பெட்டி எடுங்கள். மிக்ஸி வந்த பெட்டி போதும். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். மூலை, இடுக்கு எல்லாவற்றையும் பிரவுன் டேப்பால் அடையுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது, ஊசி முனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் பாடம் கெட்டுவிடும். ஒரு பக்கம் கண் வைத்துப் பார்க்க அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. மேலே தீப்பெட்டி அளவில் ஒரு மூடி, திறந்து மூடுகிற மாதிரி. பிள்ளைகள் பார்க்காத நேரத்தில் உள்ளே ஒரு மஞ்சள் பந்தை வைத்துவிடுங்கள்.

மூடியைத் திறக்காமல் ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை ஓட்டையோடு ஒட்டி வைக்க வேண்டும். "ஒண்ணும் தெரியல தாத்தா." சரி, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியுமா? அநேகமாக எல்லோரும் தெரியும் என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ராத்திரி லைட்டை அணைத்ததும் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் பொறுத்தால் பீரோ தெரியும் இல்லையா, அந்தப் பழக்கம். ஆனால் அந்த அறையில் எங்கிருந்தோ கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. பெட்டிக்குள் துளியும் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் பந்து வராது. நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், அவர்களே காத்திருந்து அலுத்துப்போகட்டும்.

அதற்குப் பிறகு மேல் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். பந்து "வந்துவிடும்". இத்தோடு நிறுத்தாதீர்கள். உள்ளே ஒரு ஓரத்தில் சின்னத் தெர்மகோல் துண்டைச் சாய்த்து வைத்து, டார்ச்சைப் பந்தின் மேல் படாமல் தெர்மகோல் மேல் மட்டும் அடியுங்கள். இப்போதும் பந்து தெரியும், கொஞ்சம் மங்கலாக. வெளிச்சம் போன வழியை விரலால் காட்டச் சொல்லுங்கள்: டார்ச், தெர்மகோல், பந்து, கண். கடைசிப் படியில் கண்ணிலிருந்து பந்துக்கு விரலை ஓட்டுகிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்கு மறுபடியும் மூடியை மூடிக் காட்ட வேண்டியதுதான். ஷூட்டிங்கில் மத்தியான வெயிலில் கதாநாயகி முகத்துக்கு நாங்கள் தெர்மகோல் பிடித்ததும் இதே வேலைக்குத்தான். நிலாவும் அப்படித்தான், சொந்த வெளிச்சம் இல்லாத பெரிய தெர்மகோல்.

இதைப் பார்த்த பிள்ளைக்கு நிழல் என்றால் என்ன என்று சொல்லவே தேவையில்லை, வெளிச்சம் வராத இடம் என்று அதுவே சொல்லும். சுவருக்கும் டார்ச்சுக்கும் நடுவே கையை முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும், டார்ச் பக்கம் போகப் போக நிழல் பெரிசாவதைத் தானாகக் கண்டுபிடிப்பார்கள். நிழல் படம் வரையச் சொன்னால் அதற்குக் கண், மூக்கு வைக்கிற பிள்ளைகள் உண்டு. கண்ணாடியில் தெரிகிற உருவத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். கண்ணாடியையும் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது டியூப்லைட் விளையாட்டு. தரையில் வெள்ளைத்தாள் போட்டு, அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு பென்சிலை டியூப்லைட் ஓடுகிற திசையிலேயே பிடித்தால் நிழல் கோடு போட்ட மாதிரி விழும். பென்சிலைக் குறுக்காகத் திருப்புங்கள், நிழல் கரைந்து மங்கிவிடும். நீள விளக்கின் ஒரு பகுதியைப் பென்சில் மறைத்தாலும் மற்ற பகுதியிலிருந்து வெளிச்சம் வந்து நிழலை அழித்துவிடுகிறது. முகத்தில் நிழல் கடுமையாக விழுந்தால் செட்டில் லைட்டுக்கு முன்னால் பட்டர் பேப்பர் கட்டுவதும் விளக்கைப் பெரிசாக்கத்தான்.

அடுத்து இரண்டு டார்ச். ஒன்றில் சிவப்புக் கண்ணாடித்தாள், மற்றதில் பச்சை. இரண்டையும் வெள்ளைச் சுவரில் ஒரே இடத்தில் அடித்தால் மஞ்சளாகத் தெரியும். நடுவே கையை நீட்டினால் ஒரு நிழல் சிவப்பு, ஒரு நிழல் பச்சை, இரண்டும் சேர்கிற இடம் மட்டும் கறுப்பு. அன்றைக்கு யாரும் சாப்பிட வரமாட்டார்கள்.

மொட்டை மாடி வேலையைக் காலை எட்டு மணிக்குள் ஆரம்பியுங்கள். நேராக நிற்கிற பி.வி.சி. பைப் துண்டு ஒன்று, சாக்பீஸ் ஒன்று. மணிக்கொரு தரம் நிழலின் நுனியைக் குறியுங்கள். மத்தியானம் செருப்பில்லாமல் யாரையும் மேலே விடாதீர்கள். சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும், மத்தியான நிழல் வடக்கேதான் விழும் என்று சில புத்தகங்களில் இருக்கும். அது நம் ஊருக்கு முழுசாகப் பொருந்தாது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் வரும். அந்த நாட்களில் பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் (ஏப்ரலில் சுமார் 12:07, ஆகஸ்டில் சுமார் 12:13) பைப்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். நடுவில் உள்ள மாதங்களில், அதாவது மே லீவு முழுக்க, உச்சி நிழல் தெற்கே விழும். டிசம்பரில் அதே பைப்புக்கு அதன் உயரத்தில் முக்கால் பங்கு நிழல், வடக்கே.

கண்ணுக்கு வருவோம். ஷூ பெட்டியின் ஒரு முனையை வெட்டி பட்டர் பேப்பர் ஒட்டுங்கள், எதிர் முனையில் ஊசியால் ஒரே ஒரு துளை. தலையோடு சேர்த்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு, வெயில் அடிக்கிற தெருவைப் பார்த்துத் துளையைத் திருப்பினால், பட்டர் பேப்பரில் ஆட்டோ தலைகீழாகப் போகும். நம் கண்ணுக்குள்ளும் படம் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளை அதைச் சரியாகப் புரிந்துகொள்கிறது. பெட்டியில் உள்ள துளை கண்ணில் எங்கே என்று கேட்பார்கள். கருவிழி நடுவில் உள்ள கறுப்பு வட்டம், அதாவது பாப்பாதான் அது, ஆனால் நம்மவர்கள் கண் கரும்பழுப்பு என்பதால் எளிதில் பிடிபடாது. ஜன்னல் ஓரம் உட்காரவைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணைக் கொஞ்ச நேரம் கையால் பொத்திவிட்டுத் திறந்தால், பெரிசாக இருந்த பாப்பா சட்டென்று சுருங்கும். இதற்கு ஜன்னல் வெளிச்சமே போதும், கண்ணில் டார்ச் அடிக்க வேண்டாம். லேசர் பேனாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம் வைத்துச் சூரியனைப் பார்க்கிற பழைய வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதையும் விடுங்கள். சூரியன் உருவம் வேண்டுமென்றால் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போங்கள். இலை இடுக்கு வழியாகத் தரையில் விழுகிற வட்டங்கள் ஒவ்வொன்றும் சூரியனின் படம்தான், கிரகணத்தன்று அவை பிறை வடிவில் விழும்.